பார்க்க முடிந்த அளவில்

என் வலது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மறுபடியும் கறுப்பு ஏறியிருக்கிறது. சில்வர் நைட்ரேட் கறை. படும்போது தண்ணீர் போலத்தான் இருக்கும். வெளிச்சம் பட்ட பிறகுதான் தோல் கறுக்கும். சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது. மேல்தோல் உரிந்தால்தான் போகும். இன்று காலை வகுப்பில் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "மேடம், கையில மையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பார்த்ததும் இது என்ன கறை என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எழுதுகிறவர் தன்னைத் தேற்றிக்கொள்ளத்தான் எழுதுகிறார் என்று நினைக்கிறவள் நான். இதை எழுதுவது தேறுவதற்காக இல்லை. நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பொய் சொன்னேன். சரியான பதிலை இன்னும் உனக்குச் சொல்லவில்லை.

ராமநாதபுரத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் வேதியியல் படிக்கப் போனேன். நீ பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தாய். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பொம்பளைப் பிள்ளை நிற்பதா என்று கேட்ட உங்கள் சொந்தக்காரர்களே, பிறகு வீடு வாங்கும்போதெல்லாம் உன்னைத் தேடி வந்தார்கள். கீழக்கரையிலும் மண்டபத்திலும் ராமேஸ்வரம் தீவுக்குள்ளும் வளைகுடாவில் இருப்பவர்கள் போன் செய்து, "நீங்க போய்ப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார்கள். நம் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவார்கள். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்க மாட்டார்கள். நீ முதலில் பார்ப்பதே அதைத்தான்.

சின்னச் சுத்தியல் ஒன்று வைத்திருந்தாய். ஏணியில் ஏறி, கூரையை ஓரத்திலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவாய். உறுதியான இடம் ஒரு மாதிரிக் கேட்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து, பூச்சு விலகி நிற்கிற இடம் வேறு மாதிரிக் கேட்கும். மண்டபத்தில் ஒரு வீட்டில் புரோக்கர் பொறுமை இழந்து, "எக்கா, நீங்க தட்டுற தட்டுல நல்ல வீடும் விழுந்துரும் போலயே" என்றான். நீ ஏணியிலிருந்து திரும்பாமலே சொன்னாய்: "விழுகுறது இப்பவே விழுகட்டும் தம்பி. கீழ ஆளு படுக்கிறதுக்கு முன்னாடி." நான் அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிரித்தேன்.

சந்தேகம் வந்தால் கூரையில் துளை போட்டு, அந்தப் பொடியைப் பொட்டலம் கட்டி என் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுவருவாய். நான் அதைக் கரைத்து, வடிகட்டி, நாலு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவேன். கடல் மணலோ உப்புத் தண்ணீரோ கலந்து போட்ட தளமாக இருந்தால், வெள்ளையாகக் கட்டி கட்டியாகத் திரண்டு குழாயின் அடியில் இறங்கும். நீ போனில் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "என்ன புள்ள, பால் திரிஞ்சிருச்சா?" திரிந்துவிட்டது என்று நான் சொன்னால், அந்த வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவாய். அப்போதெல்லாம் என் விரலில் கறை இருந்துகொண்டே இருக்கும். பார்த்ததும் "இது யாரு வீட்டுது?" என்பாய். நான் ஊரும் தெருவும் சொல்வேன்.

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில் இருந்தது உனக்குத் தெரியும். அய்யாவுக்குத் தீவில் அரசாங்க வேலை. பரமக்குடிப் பக்கத்து நிலத்தை விற்று அங்கே கட்டினார். பாலம் தாண்டி வைகை மணல் வருவதற்கு லாரி எளிதில் கிடைக்காத காலம். கட்டினவர் என்ன மணல் போட்டார் என்று அய்யா கேட்டாரா, கேட்டும் பேசாமல் இருந்தாரா, எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு வீடு பூட்டியே கிடந்தது. மஸ்கட்டில் இருந்து லீவில் வந்த தம்பி, இந்த முறையோடு விற்று முடித்துவிட வேண்டும் என்றான். பெயிண்ட் அடிக்க ஆள் வைத்தபோது பின்னறைக் கூரையில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அதன் முதுகில் துருப்பிடித்த கம்பியின் தடம் அப்படியே பதிந்திருந்தது. நான் அதில் ஒரு துண்டைத் தாளில் சுற்றி எடுத்துவந்தேன். கல்லூரி விடுமுறை. காவலரிடம் சொல்லி ஆய்வகத்தைத் திறந்து, தனியாகவே சோதித்துப் பார்த்தேன். இரண்டாவது சொட்டிலேயே திரிந்துவிட்டது.

தம்பியிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "இந்தத் தீவுல எந்த வீட்டுலக்கா உப்பு இல்ல? நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். கேட்டா மட்டும் பேசு" என்றான். விழுந்த இடத்தில் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்தார்கள். அதற்கு நேர் கீழே அய்யாவின் இரும்புப் பீரோவைக் கொண்டுவந்து நிறுத்தினான் அவன். பக்கத்தில் கட்டில். அங்கே ஏணி போட இடம் இல்லை. அவன் பீரோவைத் தள்ளும்போது நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டைக் கேட்டு வந்தவர்கள் ஜெசிந்தாவும் அவள் கணவர் அருளப்பனும். அதே ஊர்க்காரர்கள். அவருக்கு விசைப்படகில் பங்கு இருந்தது. அவள் நண்டுக் கூடத்தில் சதை எடுக்கிற வேலை பார்த்தாள். அந்தக் கூடத்திலேயே வேகமான கை அவளுடையது என்று அவரே பெருமையாகச் சொன்னார். ஓலை வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருந்து சேர்த்து வாங்குகிற, தளம் போட்ட முதல் மெத்தை வீடு. யாரோ சொல்லி, அவர்கள் வீட்டைப் பார்க்க அமர்த்தியது உன்னை.

நீ எனக்குப் போன் செய்தாய். "உன் வீட்ட நான் பாக்கக் கூடாது புள்ள. வேற ஆளு சொல்லி விடுறேன்."

"உன்ன விட நேர்மையா யாரு பாப்பா?" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். உன்னைப் பற்றி அதில் பொய் இல்லை. நான் அதைச் சொன்ன காரணம்தான் பொய். வேறு ஆள் வந்தால் பீரோவை நகர்த்தச் சொல்லுவான். நீ எனக்காகத் தயங்குவாய் என்று எனக்குத் தெரியும்.

ஆனி முதல் வாரம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரம். ஸ்கூட்டரில் பாலம் தாண்டி வந்தாய். கையில் சுத்தியல் மட்டும். துளை போடும் கருவி வண்டிப் பெட்டியிலேயே இருந்ததை நான் கவனித்தேன். பொடி எடுத்தால் அதைச் சோதிக்க என்னிடம்தானே கொடுக்க வேண்டும்? நீயும் அதை யோசித்திருப்பாய்.

முன்னறை, கூடம், சமையல்கட்டு எல்லாம் தட்டினாய். சமையல்கட்டில் ஒரு இடத்தில் இரண்டாம் தடவை தட்டினாய். பிறகு பின்னறை வாசலில் வந்து நின்றாய். புதுப் பெயிண்ட் வாடை. தலையை நிமிர்த்தினாய், பிறகு பீரோவைப் பார்த்தாய்.

"பீரோவக் கொஞ்சம் நகட்டலாமா?"

"அய்யாவோட சாமானெல்லாம் உள்ள இருக்கு. கனம்" என்றேன்.

அப்போது தண்ணீர்ச் செம்பை உன்னிடம் நீட்டினேன். செம்பை வாங்கியவள் என் விரல்களைப் பார்த்தாய். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாய்.

"இது யாரு வீட்டுது?"

"பிள்ளைங்களுக்குச் செய்முறை" என்றேன்.

உன் மகள் அப்போது எங்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம். கல்லூரி திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்று எனக்கும் அந்த நிமிடமே தெரிந்தது. நீ தண்ணீரைக் குடித்து முடித்தாய். செம்பைக் கட்டில் மேல் வைத்தாய். "வேற ஏதாச்சும் நான் பாக்கணுமா, வாசு?" என்று கேட்டாய். பள்ளி நாளுக்குப் பிறகு நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். நான் இல்லை என்றேன்.

வெளியே வந்ததும் அருளப்பனிடம் நீ சொன்னாய்: "ஒரு மழை பாத்துட்டு முடிப்போமே. கார்த்திகையில வந்து பாத்தா வீடு தானாச் சொல்லிரும்."

அவர் உடனே தலையாட்டினார். "எங்களுக்கு ஆடி, ஆவணி எல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. நாங்க பொறுப்போம்."

அவசரம் எங்களுக்குத்தான். தம்பி முந்திக்கொண்டான். "எனக்கு லீவு முடியுதுண்ணே. ஆடி பொறந்துட்டா எங்காளுக பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டாக." எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாழ்நாளில் நல்ல நேரம் பார்த்து எதையும் செய்யாதவள், ராகு காலத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனதை உன்னிடம் பெருமையாகச் சொன்னவள், "ஆமா, ஆடிக்கு முன்னாடி முடிச்சிரணும்" என்றேன்.

நீ எழுதிக் கொடுத்த தாளில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வரி இருந்தது. கடைசி வரி: "பின்னறை: பார்க்க முடிந்த அளவில் நன்று." அருளப்பன் அதை என் முன்னாலேயே வாய்விட்டுப் படித்து, "நன்றுன்னே போட்டுட்டாக" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். முன்னால் இருந்த மூன்று வார்த்தைகளை அவர் பொருட்படுத்தவில்லை. அவற்றைப் படித்துப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான்.

பால் காய்ச்சின அன்று ஜெசிந்தா நமக்கு ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். நீ ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாய்.

முதல் மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வருடம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மத்தியானம், நண்டுக் கூடம் இல்லாத நாள், ஜெசிந்தா பின்னறையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அய்யாவின் பீரோ நின்ற இடத்தில்தான். கூரை அவள் வலது கை மேல் விழுந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கையை எடுக்கவில்லை. ஆனால் விரல்கள் மடங்கவில்லை.

செய்தி கேட்டதும் நான் உன் வீட்டுக்கு வந்தேன். சொல்லிவிடத்தான் வந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நீ டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் அருளப்பனின் குரல் கேட்டது. நீ எழுந்து போனாய். திரைக்கு இந்தப் பக்கம் நான்.

"நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீயளே! படிச்ச பொம்பளதானே நீ? எம் பொண்டாட்டி இனி ஒரு சட்டி தூக்குவாளா? அவ கைய நீ தருவியா?"

தெருவே கூடிவிட்டது. உன் குரல் தாழ்வாகக் கேட்டது. "எந் தப்புத்தான் அண்ணே. பீரோவ நகட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல."

நகர்த்தலாமா என்று நீ கேட்டாய். மறுத்தவள் பத்தடி தூரத்தில், உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வர இரண்டு நொடி போதும். நான் வரவில்லை. நீ உள்ளே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாய். டம்ளரைத் தொட்டுப் பார்த்து, "ஆறிப்போச்சு. வேற போடவா?" என்றாய். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டேன்.

அந்தப் பின்னறைத் தளத்தை உடைத்து, நல்ல தண்ணீர் லாரியும் ஆற்று மணலும் வரவழைத்து, உன் செலவிலேயே புதிதாகப் போட்டுக் கொடுத்தாய். மற்ற அறைகளையும் மாற்ற வேண்டும் என்று ஜெசிந்தாவிடம் சொன்னாயாம். அதற்குள் உனக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. அதற்கு முன்பே உன்னை வீடு பார்க்க யாரும் கூப்பிடுவது நின்றிருந்தது. மண்டபத்துப் புரோக்கர், "எக்கா தட்டுன வீடு" என்று சொல்லிச் சிரிப்பதை என் காதாலேயே கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் உன்னிடம் சொல்ல ஆரம்பித்தேன். "அந்தப் பின்னறை..." என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாக்க முடிஞ்ச அளவு பாத்தாச்சு, விடு" என்றாய். மன்னித்ததாக அதை எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அந்தக் குரலில் அப்படி எதுவும் இல்லை. சலிப்புத்தான் இருந்தது.

உன்னை நான் உத்தமியாக்க மாட்டேன். கறையைப் பார்த்த பிறகும் நீ கையெழுத்துப் போட்டாய். வந்த ஜனங்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறக்க மூன்று முறை இடம் கொடுத்தாய். திறக்காதபோது மூன்று வார்த்தைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். உன் தொழிலில் அது தப்பு. ஆனால் உன் தப்பை நீ தெருவில் நின்று ஏற்றுக்கொண்டாய். என்னுடையதையும் சேர்த்து.

உன் மௌத்துக்கு வந்தேன். ஆண்கள் உன்னை அடக்கத்துக்குத் தூக்கிப் போக, பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றபோது, உன் மகள் துணியில் சுற்றிய சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உம்மா உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க." வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். "இல்ல மேடம்."

போன வாரம் ஜெசிந்தா போன் செய்தாள். வீட்டை விற்கிறார்களாம். ராமேஸ்வரத்தில் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம் கேட்கிறது. என்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார்கள். "ஒங்க அய்யா கட்டுன வீடு டீச்சர். நீங்க படிச்சவுக. முன்னாடியே ஒரு தடவ வந்து பாத்துச் சொன்னீங்கன்னா எங்களுக்குத் தெம்பு."

ஞாயிற்றுக்கிழமை உன் சுத்தியலோடு போனேன். முன்னறையையும் கூடத்தையும் தட்டினேன். உன் காது எனக்கு இல்லை. ஆனால் கூடத்தின் கிழக்கு மூலையில் எனக்கே கேட்டது. கொஞ்சம் சுரண்டி எடுத்து, கொண்டுபோன குழாயில் போட்டு அங்கேயே சோதித்தேன். ஜெசிந்தா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையை இடது கையால் தாங்கியபடி நிற்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. குழாயில் வெள்ளை திரண்டு இறங்கியதைப் பார்த்துவிட்டு, "பால் மாதிரி இருக்கே. நல்லதா டீச்சர்?" என்றாள்.

இல்லை என்றேன். கூடத்துத் தளமும் ஒரு நாள் விழும், அதற்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது என்றேன்.

அவள் மூலையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "வாரவுகளுக்குத் தெரியணுமா டீச்சர்? அந்த மூலையில எங்க பீரோவத் தள்ளி வச்சுட்டா?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த யோசனையை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் நாங்கள். நான் அங்கே கிடந்த கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வகத்தில் திரிந்ததை, பீரோவை, ஆடியை, செம்பு வாங்கும்போது நீ கேட்டதை, உன் வீட்டுத் திரைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்ததை.

அவள் வலது கையின் மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த அம்மாவ எங்க வீட்டுக்காரரு வாசல்ல வச்சு என்னென்ன கேட்டாரு தெரியுமா?" என்றாள்.

"தெரியும். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தளம் போடுறப்ப ஒரு மாசம் இங்கனதான் நின்னாக. நான் ஒரு வாய்த் தண்ணி குடுக்கல டீச்சர். ஒரு வாய்த் தண்ணி." இடது கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது முகம் வறண்டிருந்தது. "போங்க டீச்சர். அவரு கடல்லேருந்து வாரதுக்குள்ள போயிருங்க. நானே சொல்லிக்கிறேன்."

என் வாக்குமூலத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவள் கட்டிலில் வைத்தேன். கூடத்தைப் பற்றிச் சோதனையில் கண்டதையும் எழுதினேன். வாங்க வருகிறவர்களிடம் அதை அவள் காட்டுவாளா, கிழித்துப் போடுவாளா, தெரியாது. வந்து கேட்டால் நானே சொல்வேன். வீடு விற்காமல் போகலாம். உண்மையைச் சொன்னாலும் அடி விழுவது அவளுக்குத்தான். தம்பியிடம் போனில் சொன்னேன். "இப்பப் போய் எதுக்குக்கா?" என்றான். அந்தக் கூடத்துத் தளத்தை மாற்றிக் கொடுக்கப்போகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஜெசிந்தா அதற்குச் சம்மதிப்பாளா என்பதும் தெரியாது.

பாம்பன் பாலத்தில் பஸ் மெதுவாக வந்தது. ஜன்னல் வழியாக வெயில் கை மேல் விழுந்தது. பாலத்தின் பாதியில் விரல்கள் கறுக்க ஆரம்பித்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

யாரு வீட்டுது என்று கேட்டாயே. எங்க வீட்டுது.